அடகு வைக்க எங்களிடம் என்ன இருந்தது?

2020 மார்ச் கடைசியில் பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் நின்றது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய எனக்கு இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. அப்பா தூங்காததற்குக் காரணம் வேறு. பட்டறையில் வாங்கியிருந்த அட்வான்ஸ் 40,000 ரூபாய் அப்படியே நின்றது.

வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தறி ஓட்டப் போகிறவர் முதலாளியிடம் முதலில் ஒரு தொகை வாங்குவார். அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

மார்ச் 27 அன்று, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் மகளிர் குழுக் கடனுக்கும் இது பொருந்தும் என்றார்கள். ஜூனிலேயே வசூல்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒருவர் கட்டாவிட்டால் குழுவே போட்டுக் கட்ட வேண்டும். அதனால் அவரைவிட அதிகமாகத் திட்டியது பக்கத்து வீட்டு அக்காதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா வார வட்டிக்கு வாங்கிக் கட்டினார். பட்டறை அட்வான்ஸோ எந்த வங்கிக் கணக்கிலும் இல்லாத கடன். அதைத் தள்ளிவைக்க யார் உத்தரவு போடுவது?

நோய்க்காலத்தில் ஏழைகள் யோசிக்காமல் கடன் வாங்கினார்கள், ரிஸ்க் எடுத்தார்கள் என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. காடு இருந்தவர்கள் பத்திரத்தை வைத்தார்கள். நகை இருந்தவர்கள் கூட்டுறவு வங்கிக்குப் போனார்கள். அவர்களில் தகுதியானவர்களுக்கு ஐந்து பவுன் வரையிலான கடனை அரசு 2021இல் தள்ளுபடியும் செய்தது. நல்லதுதான். எங்கள் அருந்ததியர் தெருவில் அடகு வைக்கும் அளவுக்குப் பவுன் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். நிலமும் நகையும் எங்களிடம் ஏன் இல்லை என்பதைக் கொரோனா தீர்மானிக்கவில்லை.

2021 மே மாதம் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லை. தனியாரில் முன்பணம் கேட்டார்கள். முதலாளி மேலும் 50,000 கொடுத்தார். பிணை, பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த என் தம்பி. அடுத்த மாதம் அவன் தறிக்குப் போனான்.

2025 ஜூலையில், இதே பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி வெளியானது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. விற்றவர்கள் எல்லோருடைய கடனும் கொரோனாவில் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரகர்கள் ஏன் நேராக எங்கள் ஊருக்கு வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தரகர்களைப் பிடிக்கட்டும். ஒவ்வொரு பட்டறையின் அட்வான்ஸ் நோட்டையும் தொழிலாளர் துறை கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

எங்கள் பட்டறை நோட்டில் இப்போது தம்பி பெயரில் 80,000 நிற்கிறது. அவனுக்கு வயது 21.