சபை வரும்வரை மழை பொறுக்குமா?

ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் நம் குடாநாட்டில் ஒரே நாடகம் அரங்கேறுகின்றது. மழை பெய்கின்றது, ஒழுங்கைகள் நிரம்புகின்றன. மதகுகள் அடைபட்டிருப்பதைக் கண்டு படித்தவர்கள் பிரதேச சபையை ஏசுகின்றனர். சபையார் நிதியில்லை என்கின்றனர். வெள்ளம் வடிந்தபின் ஒருநாட் சிரமதானம் நிகழ்கின்றது. அங்கே மண்வெட்டி பிடிப்போரினும் படம் பிடிப்போரே அதிகம். அத்துடன் அடுத்த ஐப்பசிவரை யாவரும் உறங்கிவிடுகின்றோம்.

இவ்வுறக்கத்தின் விலை யாது? ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் நமக்கில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறே நம் செல்வம். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைத் திரட்டிக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகச் சென்று அராலியிலே அது கடனீரேரியை அடைகின்றது. வழியிலுள்ள குளங்களில் தங்கிய நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்கின்றது. நாம் குடிப்பதும் அந்நீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அந்நீர். மணல் வடிகட்டுவதுபோல வெடித்த சுண்ணக்கல் வடிகட்டமாட்டாது. உட்புகுந்த அழுக்கு கிணற்றுக்கே வந்து சேரும்.

பல மாதம் நல்ல மழை காணாத தெருவிலே கிடப்பவை எவை? வாகனங்கள் சிந்திய எண்ணெய், கராஜ் வாசலிற் கொட்டிய கழிவெண்ணெய், பொலித்தீன், சாணம், கோழிக்கடைக் கழிவு. இவற்றுட் பெரும்பகுதியை அள்ளிச்செல்வது முதன்மழையே. ஆகவே கார்த்திகையிற் செய்யும் துப்புரவு தெருவுக்கு அழகு செய்யலாம்; தண்ணீருக்கு உதவாது. வாய்க்காலில் இறங்கவேண்டிய காலம் புரட்டாதி.

“அது சபையின் கடமையன்றோ?” என்பர். ஆம், கடமையே, சட்டம் பயின்ற நாம் அதனை மறுப்போமல்லோம். ஆயின் 2023 மார்ச்சிலே சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே மாதத்தில் தேர்தல் நடைபெறும்வரை மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரேனும் இருந்ததில்லை. இடையில் வந்த மாரிகள் காத்து நின்றனவா? 2024 நவம்பர் வெள்ளம், உறுப்பினர் உளரோ என்று விசாரித்துக்கொண்டா ஊருக்குள் வந்தது?

“அதிகாரம் முழுமையாக நம் கைக்கு வரட்டும், பின்னர் பார்ப்போம்” என்போர் நம் அணியிலேயே உளர். அதிகாரம் கேட்பதில் நாம் எவருக்கும் பின்னிற்பவரல்லர். எனினும், தன் வாசல் வாய்க்காலைத் தூர்த்து மதில் எழுப்பியவர் மேடையேறி மண்ணுரிமை முழங்குவதைக் கேட்கையில் நமக்கு நகைப்பே வருகின்றது.

சுன்னாகத்தை அதற்குள் மறந்தோமா? மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கிலே, 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல். ஊர்மக்கள் போராடினர், உண்மை. ஆயினும் அம்மனுவைத் தாக்கல் செய்தவர் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர். வடக்கிலே சட்டத்தரணிகள் இல்லையா என எவரேனும் வினவின் நாம் தலைகுனியவே வேண்டும். 40,000 ரூபாவுக்குப் பழைய கிணற்றை வாங்கமுடியுமா? அங்கே எண்ணெய் பெருக்காக வந்தது. தெருவெண்ணெய் துளித்துளியாக வருகின்றது. வேற்றுமை அவ்வளவே.

அளவெட்டி முதல் அராலி வரை ஒவ்வொரு சனசமூக நிலையமும் தன் எல்லைக்குட்பட்ட வாய்க்காலைப் பொறுப்பேற்கட்டும். புரட்டாதி ஞாயிறுகளில் கமக்காரர் மண்வெட்டியுடன் வரட்டும். வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் வரட்டும். தேநீர் வழங்கவன்று, வாய்க்காலுள் இறங்குவதற்கு. மதகுக்கு முன்பாக ஒரு குழி வெட்டி, அடிக்குச் சீமெந்து பூசிவிட்டால், முதல்நீரின் மண்டி அங்கே தங்கும். பின்னர் அள்ளி அகற்றலாம். சீமெந்து பூசாத குழி கிணற்றுக்கு வழி திறந்ததற்கு ஒப்பாகும். இதில் அவசரம் கூடாது. கிருமிநாசினிப் போத்தலை வாய்க்காலிற் கழுவும் பழக்கத்தைக் கமக்காரர் அமைப்புகளே தடுத்தல் நன்று. நாம் சொன்னால் மனம் புண்படுவர். குளியலறைக் குழாயைத் தெருவாய்க்காலுக்குத் திருப்பிவிட்டிருக்கும் உத்தியோகத்தரிடமோ நாமே பேசுவோம்.

இன்னொன்று. இறங்கி வேலை செய்வோர் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்த வளவிலிருந்து எந்தக் குழாய் வருகின்றது, எந்நாளிற் கண்டது என்பவற்றை எழுதிக்கொள்க. முதலில் உரியவரிடம் சொல்லிப் பார்க்க. கேளாவிடிற் சபைக்கு எழுத்தில் அறிவிக்க. சபையும் அசையாவிடின், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு இருக்கின்றது: பொதுத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். சேற்றிலே நின்று கண்ணாற் கண்டவனினும் சிறந்த சாட்சி அவ்வழக்குக்கு வேறெவன்?

அத்தகைய வழக்குகளுக்கு நாம் கட்டணம் பெறமாட்டோம். குறிப்பேட்டை மட்டும் மறவாது கொண்டுவருக.