போட்டோ ஆப்புக்கும் சரண்டர் வேல்யூ பாருங்க

எண்டோமென்ட் பாலிசி எடுக்கலாமான்னு யாராவது கேட்டா, நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "நடுவுல வெளிய வந்தா கையில எவ்வளவு வரும்?" மியூச்சுவல் ஃபண்டுன்னா எக்ஸிட் லோட், பிபிஎஃப்-ன்னா 15 வருஷ லாக்-இன், லோன்னா ப்ரீ-க்ளோஷர் சார்ஜ். நம்ம வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் பழகிப் போன கேள்விகள். அதே ஆள் 40,000 போட்டோவை ஒரு ஆப்ல ஏத்தும்போது மட்டும் இதைக் கேட்கிறதே இல்ல. ஃப்ரீயா, தேடுனா கிடைக்குதா, முகத்தைக் கண்டுபிடிக்குதா, அவ்வளவுதான் பார்க்கிறோம்.

என் கருத்து இதுதான்: போட்டோ சாஃப்ட்வேரை அது உள்ள என்ன செய்யுதுன்னு பார்த்து எடுக்காதீங்க. வெளிய போகும்போது எதைத் திருப்பிக் கொடுக்குதுன்னு பார்த்து எடுங்க.

போட்டோ எங்கேயும் போயிடாது, டவுன்லோட் பண்ணிக்கலாமேன்னு தோணும். போட்டோ வந்துடும். நீங்க போட்ட உழைப்பு வருமான்னு தான் கேள்வி. அம்மாவோட பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்றீங்கன்னு வச்சுக்கோங்க. 1987-ல நடந்த கல்யாணம், ஸ்கேன் பண்ண தேதியில 2023-னு வந்து உட்காரும். ஒவ்வொண்ணா தேதியை மாத்துறீங்க. அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சு, "இது யாரு? பெரியப்பா பக்கத்துல நிக்கிறது?"ன்னு கேட்டுக் கேட்டு பேர் போடுறீங்க. அந்தப் பேர்ல பாதி அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தகவலுக்கு வேற பேக்கப் கிடையாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மாசம் 60,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னா ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய். ஒரு பெரிய கலெக்‌ஷனை ஒழுங்கு பண்ண வார இறுதிகள்ல 40 மணி நேரம் போச்சுன்னா 12,000 ரூபாய். ஆப் ஃப்ரீயா இருந்தாலும் நீங்க கட்டுற ப்ரீமியம் இதுதான். அந்த 40 மணி நேரம் எங்க பதிவாகுதுன்னு தெரியாமலே கட்டிட்டு இருக்கோம்.

அது பதிவாக ரெண்டு இடம் உண்டு. ஒண்ணு, போட்டோ ஃபைலுக்கு உள்ளேயே. கேமரா எடுத்த தேதி, இடம் எல்லாம் எக்ஸிஃப்னு ஒரு பகுதியில இருக்கும். தலைப்பு, டேக், முகத்தோட பேர் மாதிரி நாம சேர்க்கிற விஷயங்களுக்கு ஐபிடிசி, எக்ஸ்எம்பின்னு பொதுவான முறைகள் இருக்கு. இதுல எழுதினா, ஃபைல் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் தகவலும் கூடவே போகும். இன்னொரு இடம், அந்த சாஃப்ட்வேரோட சொந்த டேட்டாபேஸ். ஆப் இருக்கிற வரைக்கும் எல்லாம் பிரமாதமா தெரியும். ஆப் போனா அதுவும் போச்சு. டாலியில இருந்து வேற சாஃப்ட்வேருக்கு மாறின கம்பெனிகளோட ஆடிட் பார்த்தவங்களுக்குத் தெரியும். க்ளோசிங் பேலன்ஸ் அழகா வந்துடும். ஆனா "இந்த என்ட்ரி எதுக்கு"ன்னு எழுதின நரேஷன் வந்துச்சான்னு பார்த்தா தான் சேதாரம் புரியும்.

ஆப் எங்க போகப் போகுதுன்னு கேட்பீங்க. கூகுள் 2004-ல வாங்கின பிகாசா நினைவிருக்கா? நம்மள்ல பல பேர் வீட்டு டெஸ்க்டாப்ல அது இருந்துச்சு. 2016 மார்ச்ல அதை நிறுத்திட்டாங்க. ஆப்பிள் 2005-ல கொண்டு வந்த அப்பெர்ச்சர், காசு கொடுத்து போட்டோகிராஃபர்கள் வாங்கின சாஃப்ட்வேர். 2014-ல இனிமே வளர்க்க மாட்டோம்னு சொன்னாங்க. 2019-ல வந்த மேக் ஓஎஸ்ல அது ஓடவே இல்ல. ரெண்டுமே பெரிய கம்பெனி, ஒண்ணு ஃப்ரீ, ஒண்ணு காசு. முடிவு ஒண்ணுதான்.

பிகாசாவுல ஒரு சின்ன விஷயத்தை கவனிங்க. கடைசியா வந்த 3.9 வெர்ஷன்ல, முகங்களோட பேரை போட்டோவுக்குள்ளேயே சேமிக்கலாம்னு செட்டிங்ஸ்ல ஒரு டிக் பாக்ஸ் இருந்துச்சு. அதை டிக் பண்ணினவங்களோட பேர்கள் ஃபைலுக்குள்ள போயிடுச்சு, இன்னைக்கு வேற சாஃப்ட்வேர்ல திறந்தாலும் படிக்கலாம். டிக் பண்ணாதவங்களுக்கு அது தனி ஃபைல்கள்ல சிதறிப் போச்சு. ஒரே ஆப், ஒரே உழைப்பு, ஒரு டிக் தான் வித்தியாசம்.

இன்ஷூரன்ஸ்ல 2024 அக்டோபர்ல இருந்து, ஒரு வருஷ ப்ரீமியம் முழுசா கட்டியிருந்தாலே சரண்டர்ல ஏதோ ஒரு தொகை கிடைக்கணும்னு ஐஆர்டிஏஐ விதியை மாத்துச்சு. போட்டோ ஆப்புக்கு அப்படி யாரும் விதி போடப் போறதில்ல. நாமளேதான் பார்த்துக்கணும்.

இப்போ நம்ம எல்லார் போன்லயும் இருக்கிற கூகுள் போட்டோஸுக்கு வருவோம். 2015-ல வந்தப்போ அன்லிமிடெட் ஃப்ரீ. 2021 ஜூன் 1-ல அது முடிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி 'ஹை குவாலிட்டி'ல ஏத்தினது மட்டும் கணக்குல வராது, மத்ததெல்லாம் 15 ஜிபிக்குள்ள. அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் ட்ரைவுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போ அதுலயே தான் சேருது.

இதுல சம்பளக்காரங்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கு, அதை யாரும் போட்டோ பிரச்சினையா பார்க்கிறதில்ல. ஸ்டோரேஜ் நிரம்பிட்டா ஜிமெயிலுக்கு மெயில் வராது. ஆஃபர் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரித்துறை இன்டிமேஷன் எல்லாம் அந்த ஒரே ஐடிக்குத்தான் வருது. கோவா ட்ரிப் வீடியோ நிரம்பினதால நோட்டீஸ் வந்ததே தெரியலைன்னு டிபார்ட்மென்ட்ல சொல்ல முடியாது. போர்ட்டல்ல ஏத்திட்டாங்கன்னா கெடு ஓட ஆரம்பிச்சிடும். அதனால வரி, பேங்க் எல்லாம் இருக்கிற ஐடியும் போட்டோ ஐடியும் வேற வேறயா இருக்கட்டும். இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

இடத்தை யார் சாப்பிடுறாங்கன்னும் பாருங்க. சராசரியா 4 எம்பின்னு வச்சா 40,000 போட்டோ 160 ஜிபி தான். ஆனா ஒரு நிமிஷ 4கே வீடியோ செட்டிங்கைப் பொறுத்து 170-ல இருந்து 400 எம்பி வரைக்கும் போகும். அதாவது ஒரு நிமிஷத்துல 40-ல இருந்து 100 போட்டோ. பெரிய ப்ளானுக்கு மாறுறதுக்கு முன்னாடி, ஃபைல் சைஸ் வரிசையில வீடியோவைப் பார்த்து கழிச்சு விடுங்க. போன்ல 4கே-வை 1080-க்கு மாத்தினாலே பல பேருக்கு இன்னும் சில வருஷம் ஓடும். இந்த "க்ளீனர்" ஆப்கள் பக்கம் போகாதீங்க, வாராவாரம் காசு எடுக்கிற சந்தாவுல தெரியாம மாட்டிக்கிறவங்க நிறைய.

கூகுள் ஒன் ப்ளான் நான் பார்த்து வந்த வரைக்கும் 100 ஜிபி வருஷத்துக்கு 1,300 ரூபாய், 2 டிபி 6,500 ரூபாய். இப்போதைய விலையை ஆப்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க. 2 டிபி பத்து வருஷத்துக்கு, விலை ஏறவே இல்லைன்னு வச்சாலும், 65,000. அதை எஸ்ஐபில போட்டா எவ்வளவு ஆகும்னு சொல்லப் போறேன்னு நினைச்சீங்களா? சொல்லப் போறதில்ல. குழந்தை போட்டோவை அழிச்சுட்டு எஸ்ஐபி போடச் சொல்ற அட்வைஸ்ல எனக்கு உடன்பாடில்ல. காசு கொடுங்க, தப்பில்ல. எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க.

கூகுள் போட்டோஸோட சரண்டர் வேல்யூ என்ன? டேக்அவுட்னு ஒரு வசதி இருக்கு, எல்லாத்தையும் ஸிப் ஃபைலா வாங்கிக்கலாம், காசில்ல. நியாயமா சொல்லணும்னா இது நல்ல விஷயம். ஆனா ஆப்ல நீங்க மாத்தின தேதி, எழுதின குறிப்பு எல்லாம் போட்டோவுக்குள்ள இருக்காது. ஒவ்வொரு போட்டோவுக்கும் பக்கத்துல ஜேசன்னு ஒரு தனி ஃபைல்ல வரும். அதைத் திரும்ப போட்டோவுக்குள்ள சேர்க்க எக்ஸிஃப்டூல் மாதிரி ஃப்ரீ கருவிகள் உண்டு, கொஞ்சம் டெக்னிக்கல் கை வேணும். ஸ்டோரேஜ் சேவர்ல ஏத்தியிருந்தா வர்றதும் சுருக்கின போட்டோ தான், ஒரிஜினல் கிடைக்காது. ஐபோன்காரங்க கவனிக்க வேண்டியது வேற: 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' ஆன்ல இருந்தா ஒரிஜினல் ஐக்ளவுட்ல, போன்ல இருக்கிறது சின்ன காப்பி. அந்த போனையோ மேக்கையோ பேக்கப் எடுத்துட்டு நிம்மதியா தூங்காதீங்க.

இன்னொண்ணு, சின்க் வேற, பேக்கப் வேற. ஆப்ல அழிச்சா போன்லயும் போகும். குப்பைத் தொட்டியில கூகுள் 60 நாள், ஆப்பிள் 30 நாள் வச்சிருப்பாங்க, அப்புறம் கிடையாது. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியேன்னு பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பரப்பின 3-2-1 கணக்கு இன்னைக்கும் சரியாத்தான் இருக்கு. ஒரே பேங்க்ல எல்லா எஃப்டியும் போடாதீங்கன்னு சொல்றோமே, அதே லாஜிக்.

அப்போ எதைத்தான் எடுக்கிறது? பெரும்பாலானவங்களுக்கு என் பதில்: பார்க்கிறதுக்கும் தேடுறதுக்கும் கூகுளோ ஆப்பிளோ இருக்கட்டும். பேர் போடுறது, தேதி திருத்துறது மாதிரி நீண்ட கால உழைப்பை அதுல போடாதீங்க. அதுக்கு கம்ப்யூட்டர்ல டிஜிகேம் போதும். முழுக்க ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், முகம் கண்டுபிடிக்கும், ஒரே மாதிரி இருக்கிற டூப்ளிகேட் போட்டோவையும் தேடித் தரும். பார்க்க ஆபீஸ் சாஃப்ட்வேர் மாதிரி வறட்சியா இருக்கும், முதல் நாள் எரிச்சல் வரும். ஆனா செட்டிங்ஸ்ல மெட்டாடேட்டா பகுதியில டேக், தேதி, முகப் பேர் எல்லாத்தையும் ஃபைல்ல எழுதச் சொல்லி டிக் பண்ணலாம். நாளைக்கு டிஜிகேமே நின்னு போனாலும் உங்க 40 மணி நேரம் உங்க கிட்டயே இருக்கும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க.

டிஎஸ்எல்ஆர் வச்சு சீரியஸா எடுக்கிறவங்களுக்கு லைட்ரூம் க்ளாசிக். சந்தா தான், அதுல எனக்கு முழு சந்தோஷம் இல்ல. ஆனா சந்தா நின்னதுக்கு அப்புறமும் லைப்ரரியைத் திறக்கலாம், ஃபைல்களை வெளிய எடுக்கலாம், எடிட் பண்ற டெவலப் பகுதியும் மேப்பும் மட்டும் மூடிக்கும். சுமாரான சரண்டர் வேல்யூ. மாற்றங்களைத் தானா எக்ஸ்எம்பில எழுதுற ஆப்ஷனை மட்டும் ஆன் பண்ணிடுங்க. கலர் எடிட் வேற சாஃப்ட்வேருக்கு அப்படியே போகாது, அது தெரிஞ்ச நஷ்டம்.

இம்மிச் போட்டு வீட்டுலயே சர்வர் வைக்கலாமேன்னு ஐடி நண்பர்கள் சொல்வாங்க. நல்ல சாஃப்ட்வேர் தான். ஆனா அந்த மெஷின், கரன்ட், அப்டேட், பேக்கப் எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு. சர்வர் நோண்டுறது உங்களுக்குப் பொழுதுபோக்குன்னா தாராளமா பண்ணுங்க. மாசச் சந்தாவை மிச்சம் பண்றது மட்டும்தான் நோக்கம்னா வேண்டாம், உங்க ஞாயிற்றுக்கிழமைக்கும் விலை இருக்கு.

எதை எடுத்தாலும் முதல்ல ஒரு டெஸ்ட். 40,000-ஐயும் ஏத்தாதீங்க, 100 போட்டோ எடுத்துக்கோங்க. அஞ்சு முகத்துக்குப் பேர் போடுங்க, பத்து போட்டோவுக்குத் தேதி மாத்துங்க, ரெண்டுக்கு தமிழ்லயே குறிப்பு எழுதுங்க. அப்புறம் எல்லாத்தையும் வேற ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் பண்ணி, வேற சாஃப்ட்வேர்ல திறங்க. எது வந்துச்சு, எது காணோம்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். வாட்ஸ்அப்ல வந்த போட்டோவும் நாலு சேர்த்துக்கோங்க. அதுல எடுத்த தேதி உள்ளே இருக்காது, ஆண்ட்ராய்டுல ஃபைல் பேர்ல மட்டும் வந்து சேர்ந்த தேதி இருக்கும். அதை உங்க சாஃப்ட்வேர் எப்படி வரிசைப்படுத்துதுன்னும் பாருங்க.

கடைசியா, நாமினி. பேங்க் அக்கவுன்ட்டுக்குப் போட்டாச்சு, டீமேட்டுக்குப் போட்டாச்சு. போட்டோவுக்கு? கூகுள்ல 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்'னு இருக்கு. 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் நீங்க குறிச்ச காலம் அக்கவுன்ட் பயன்பாட்டுல இல்லைன்னா, நீங்க சொன்ன ஆட்களுக்குத் தகவல் போகும், டேட்டாவும் கொடுக்கலாம். பத்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். ஆப்பிள்ல 2021 டிசம்பர்ல இருந்து 'லெகசி கான்டாக்ட்' இருக்கு. அதுல ஒரு ஆக்சஸ் கீ கிடைக்கும், அதை ப்ரின்ட் எடுத்து டேர்ம் பாலிசி இருக்கிற ஃபைல்லயே வைங்க. டிஜிகேம்ல எந்தெந்த டிக் போடணும்னு அடுத்த வாரம் வீடியோல ஸ்க்ரீனோட காட்டுறேன். அதுக்குள்ள அந்த 100 போட்டோவை எடுத்து வச்சிருங்க.