துரப்பணத்தின் வாலை அறுத்தவர்கள்

கிராமியச் சூழல் என்று விளம்பரம் செய்துகொள்ளும் உணவகங்களின் சுவர்களில் மாட்டுவண்டிச் சக்கரம், முறம், படி, உழக்கு ஆகியவற்றோடு தச்சரின் துரப்பணமும் தொங்கத் தொடங்கியிருக்கிறது. வார்னிஷ் பூசி, மேலே ஒரு விளக்கையும் பொருத்திவிடுகிறார்கள். அதைக் கண்டு உருகி, ‘அழிந்துபோன கருவி’ என்று எழுதும் நண்பர்களுக்கான மறுப்பு இது. அக்கருவி அழியவில்லை. அதன் வாயில் செருகவேண்டிய பிட் கடைகளில் கிடைக்கவில்லை, அவ்வளவே. பல் விழுந்த கிழவரைக் கண்டு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

(பிட் என்ற சொல்லுக்கு என் மாணவர்களிடையே வேறொரு பொருள் உண்டு. இங்கே பேசப்படுவது மரத்தைத் துளைக்கும் பிட்.)

வில்லும் கயிறும் கொண்டு இழுத்துச் சுழற்றும் பழந்துரப்பணத்தை நான் சொல்லவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நம் தச்சர்களிடம் வந்துசேர்ந்த, நடுவில் வளைந்த இரும்புத் தண்டும் தலையில் மரக்குமிழும் உடைய ‘பிரேஸ்’ கருவியைச் சொல்கிறேன். குமிழை நெஞ்சிலோ உள்ளங்கையிலோ அழுத்திக்கொண்டு தண்டைச் சுற்றினால் பிட் மரத்துள் இறங்கும். அந்தப் பிட்டின் அமைப்பு வியப்புக்குரியது. நுனியில் ஒரு திருகு. அதுவே மரத்தைக் கவ்விப் பிட்டை உள்ளே இழுக்கும். அதன் இருபுறமும் இரண்டு கூர்முனைகள் துளையின் விளிம்பை வட்டமாகக் கீறிவிடும். பின்னால் வரும் இரண்டு வெட்டுவாய்கள் கீறிய பகுதியைச் சீவும். சீவிய தூளை முறுக்குப்பள்ளம் மேலே ஏற்றிவிடும். மறுமுனையில் இருக்கும் வால் சதுரமாகவும் கூம்பியும் இருக்கும். பிரேஸின் இரு தாடைகள் பிடிப்பது அந்தச் சதுர வாலைத்தான்.

அமெரிக்கரான ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் இவ்வகைப் பிட்டின் ஒரு வடிவத்துக்கு 1855இல் காப்புரிமை பெற்றார். ஒஹையோ மாநிலத்தின் இர்வின் நிறுவனம் 1880களிலிருந்து வேறொரு வடிவத்தைச் செய்தது. பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் துப்பாக்கிப் பிடியும் விசையும் கொண்ட மின்துரப்பணத்துக்கு 1917இல் காப்புரிமை பெற்றபின் சதுர வாலின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. ஜென்னிங்ஸ் நிறுவனத்தைப் பின்னாளில் வாங்கிய ஸ்டான்லி, 2010இல் பிளாக் அண்டு டெக்கருடன் இணைந்தது. 2017இல் இர்வினையும் வாங்கியது. கொன்றவரும் கொல்லப்பட்டவரின் வாரிசுகளும் இப்போது ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். துளையிடும் தேவை மறைந்ததால் இந்தப் பிட் நின்றுபோகவில்லை. வாலின் வடிவம் மாறியதால் நின்றுபோயிற்று. இன்றைய மர பிட்டுகளில் பலவற்றுக்கு அறுகோண வால். முறுக்கும் திருகும் அதே பழையவைதான்.

பல்லடத்தில் ஒரு முதிய தச்சருக்காக இந்தப் பிட்டைத் தேடி நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவருடைய பிட்டின் வாலருகே 8 என்று பொறித்திருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் 8 மில்லிமீட்டர் பிட் ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த எண் மில்லிமீட்டரைக் குறிப்பதன்று. அங்குலத்தில் பதினாறில் எட்டுப் பங்கு, அதாவது அரை அங்குலம். 10 என்றிருந்தால் ஐந்தரைக்கால் அங்குலம் என்று சிலர் சொல்லக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அது அரையே அரைக்கால் அங்குலம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவையைக் கொண்டுவந்தது. தச்சுப் பட்டறையோ இன்னமும் அங்குலத்தில்தான் பேசுகிறது. இரண்டு அளவைகளுக்கும் நடுவே நிற்கும் கடைக்காரர் இரண்டையும் அறியவில்லை.

இன்னொரு கடையில் நடந்ததே என்னை எழுத வைத்தது. ‘இதற்கு ஏனய்யா அலைகிறீர்கள்? வாலை அறுத்துத் தருகிறேன், மின்துரப்பணத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்’ என்றார் அங்கிருந்தவர். இந்த அறிவுரையைக் கேட்டு நாசமான பிட்டுகள் எத்தனையோ! மின்துரப்பணத்தின் மூன்று தாடைச் சக், சதுர வாலைப் பிடிக்காது என்பது மெய்தான். ஆனால் வாலை அறுத்து மாட்டினால் நேர்வதென்ன? கையால் சுற்றும் வேகத்துக்கென்று அமைந்த நுனித்திருகு, பொறியின் வேகத்தில் மரத்துக்குள் தன்னையே வெறியோடு இழுத்துக்கொள்ளும். பிட் சிக்கிக்கொண்டால் சுழல்வது பொறி. முறுக்கிக்கொள்வது பிடித்தவர் மணிக்கட்டு. வால் போன பிட்டைப் பிரேஸுக்கும் திருப்பித் தர இயலாது. சுவரில் தொங்கவிடுபவர்களும் வாலை அறுப்பவர்களும் எதிரெதிர் அணியினர்போலத் தோன்றுவர். தச்சரிடமிருந்து கருவியைப் பறிப்பதில் இருவரும் ஒன்றே.

‘அப்படியானால் மாற்று எங்கே?’ என்று கேட்பீர்கள். பல்லடத்திலேயே இருக்கிறது. பல்லடம், சோமனூர் வட்டாரத்து விசைத்தறிகளைப் பாருங்கள். பழைய அமைப்பிலான தறிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் உதிரிப்பாகத்தை எந்த மூல நிறுவனமும் வண்டியில் ஏற்றி அனுப்புவதில்லை. தேய்ந்த பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போகிறார்கள்; அதைப் பார்த்து இன்னொன்று கடைந்து வாங்கி வருகிறார்கள். உற்பத்தி நின்றுபோன பாகத்தைச் செய்துகொள்வது இவ்வூரின் அன்றாடம். தறிக்குச் செய்வதைத் தச்சருக்குச் செய்ய மட்டும் கை வராதோ?

அறுகோண வால் கொண்ட புதிய பிட் எளிதில் கிடைக்கிறது. அதைப் பழைய பிரேஸின் தாடையில் நேராகச் செருகினால் பாரம் ஏறும்போது வழுக்கும். ஆகவே லேத் பட்டறையில் ஓர் இணைப்புத் துண்டு செய்யச் சொல்ல வேண்டும்: ஒரு முனை சதுரமாகக் கூம்பியது, மறுமுனையில் அறுகோணக் குழி, பக்கத்தில் இறுக்குவதற்கு ஒரு சிறு திருகு. ஒன்று செய்தால் அந்த அளவு வாலுடைய எல்லாப் பிட்டுக்கும் போதும். அல்லது கொல்லரிடம் கொடுத்துப் புதிய பிட்டின் வாலையே சதுரமாக அடித்து வாங்கலாம். வெட்டும் முனையை ஈரத்துணியால் சுற்றி, வாலை மட்டும் காய்ச்ச வேண்டும். இல்லையேல் முனையின் பதம் போய்விடும். 12.7 மில்லிமீட்டர் வேண்டுமிடத்தில் 12தான் கிடைக்கிறதென்றால் கலங்க வேண்டியதில்லை. துளைக்கேற்ப மர ஆணியைச் சீவிக்கொள்வார் தச்சர்.

பாதிப் பிட்டுகளுக்கு மாற்றே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மழுங்கியதை இறந்ததென்று எண்ணி எறிகிறார்கள். சிறிய அரம் கொண்டு கூர்முனையின் உட்புறத்தை மட்டும் தேய்த்தால் பிட் உயிர் பெறும். வெளிப்புறத்தைத் தேய்த்தால் அது கீறும் வட்டம் சுருங்கி, வெள்வேல மரம் போன்ற வன்மரத்தில் பிட் இறுகி நின்றுவிடும். 2012இல் கொங்கு நாடு மின்வெட்டில் பல மணி நேரம் முடங்கிக் கிடந்தபோது, கூர் தீட்டிய பிட்டும் பிரேஸும் வைத்திருந்தவருக்கு வேலை நிற்கவில்லை.

தமிழ் படித்தவர்களான நம் பங்கும் இதில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி துரப்பணத்தையும் தமரூசியையும் பதிவுசெய்திருக்கிறது. துளையிடும் கருவி என்ற அளவோடு பொருளை முடித்துக்கொள்கிறது. கிரியர்சன் 1885இல் வெளியிட்ட பீகார் உழவர் வாழ்க்கை பற்றிய நூலைப் புரட்டினால், தச்சர் கருவிகளின் பெயர்களோடு உறுப்புகளின் பெயர்களும் கிடைக்கும். நாமோ துளைப்பான், துளையிடுபொறி என்று புதுச்சொல் படைத்துக்கொண்டிருக்கிறோம். கடையில் போய் வாலுக்கு என்ன பெயர், தாடைக்கு என்ன பெயர் என்று சொல்லிக் கேட்க ஒரு சொற்பட்டியல் நம்மிடம் இல்லை.

வீட்டுப் பரணில் பாட்டனாரின் தச்சுப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும்முன் பிட்டின் வாலைத் திருப்பிப் பாருங்கள். துரு இருந்தால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுத் துடைத்தால் எண் தெரியும். எங்கள் தச்சருக்கு வேண்டியவை 8, 10, 12. வால் அறுபடாமல் இருக்க வேண்டும்.