பல் பிரஷ்ஷில் தந்தையைத் தேடலாமா?

ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, உறையில் போட்டு அனுப்பினால் போதும். குழந்தையின் தந்தை யார் என்று சொல்லிவிடுவோம் என தனியார் ஆய்வகங்கள் இணையத்தில் விளம்பரம் செய்கின்றன. பல் பிரஷ், தலைமுடி, வெட்டிய நகம் இருந்தாலும் போதும் என்று சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ இருப்பவர் வீட்டை விட்டு வெளியே வராமல் கூரியரிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். அதாவது, மனைவிக்குத் தெரியாமலேயே முடித்துவிடலாம்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் வழியாக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. கணவர் விடுமுறையில் வந்து போன தேதியையும் குழந்தை பிறந்த தேதியையும் கணக்குப் பார்த்து உறவினர் ஒருவர் விடும் ஒரு வார்த்தை போதும், சந்தேகம் முளைத்துவிடும். முன்பு அந்தச் சந்தேகம் பெரியவர்கள் பேசியதும் அடங்கிவிடும். இன்று அதை ஓர் உறையில் போட்டு அனுப்ப முடிகிறது.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். கன்னத்தின் உட்புறச் செல்களில் இருப்பதும் இரத்தத்தில் இருப்பதும் ஒரே டிஎன்ஏதான். முறையாக எடுத்துக் காயவைத்து அனுப்பினால் கன்ன மாதிரியின் முடிவை நம்பலாம். ஆனால் திருட்டுத்தனமாக எடுக்கும் மாதிரிகளின் கதை வேறு. சீப்பில் சிக்கிய, வேரில்லாத முடியில் பெரும்பாலும் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அது தாய் வழியாக மட்டுமே வருவது. தந்தை யார் என்று அதனால் சொல்ல முடியாது. ஒரே குவளையில் கிடக்கும் பிரஷ்களில் ஒருவரின் எச்சில் இன்னொருவருடையதோடு கலந்திருக்கலாம். அந்தப் பிரஷ் யாருடையது என்பதற்கு அனுப்பியவர் வார்த்தையைத் தவிர ஆய்வகத்திடம் வேறு சான்று கிடையாது. இப்படி வந்த ஒரு தாளை நம்பி ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு குழந்தையின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கலாமா?

டிஎன்ஏ சோதனையே கூடாது என்பதல்ல நம் வாதம். 2004 சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில் பெற்றோரைப் பிரிந்த ஒரு கைக்குழந்தை கல்முனை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. குழந்தைக்குப் பலர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. நீதிமன்றம் டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் குழந்தை தன் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து எரிந்தபோதும், அடையாளம் தெரியாத உடல்களை உறவினர்களின் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். பிரிந்த உறவைச் சேர்த்துவைக்க உதவிய அதே கருவியை, சேர்ந்திருக்கும் உறவைப் பிரிக்கக் கையில் எடுப்பதுதான் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது? செல்லுபடியாகும் திருமணத்தில் பிறந்த குழந்தை கணவருடையதே என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமின் 116ஆம் பிரிவாக நீடிக்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பதே அதை மறுக்கும் வழி. மணவாழ்க்கைத் தகராறுகளில் டிஎன்ஏ சோதனைக்கு வழக்கமான ஒன்றாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் கூறியது. தமிழக வழக்கு ஒன்றில், திருச்சிக்கும் சேர்த்து உயர் நீதிமன்றமாக இருக்கும் மதுரைக் கிளை பிறப்பித்த டிஎன்ஏ சோதனை உத்தரவையே 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றமே இவ்வளவு யோசித்துத் தொடும் ஒன்றை, ஒரு கோபத்தில் கூரியரில் அனுப்புவது எவ்வளவு பெரிய அவசரம்!

நம் மார்க்கமோ இதை என்றோ பேசிவிட்டது. தன் மனைவி கறுப்பு நிறத்தில் ஆண் குழந்தை பெற்றிருப்பதாக ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சந்தேகத்தோடு சொன்னார். நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு ஒட்டகங்களுக்கு இடையே சாம்பல் நிறக் குட்டி எப்படி வந்தது என்று கேட்டார்கள். மூதாதையரின் வழியில் வந்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனுக்கும் அப்படி வந்திருக்கலாம் என்று உணர்த்தி, குழந்தையை மறுக்க அவரை நபியவர்கள் அனுமதிக்கவில்லை. புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவான நிகழ்வு இது.

மக்காவில் உள்ள ராபிதாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில் 2002 ஜனவரியில் எடுத்த முடிவும் இதே வழியில்தான் செல்கிறது. ஷரீஅத்படி உறுதியான நஸபை மறுக்கவோ சரிபார்க்கவோ டிஎன்ஏவைப் பயன்படுத்தக் கூடாது. லிஆனுக்குப் பதிலாகவும் அதை வைக்கக் கூடாது. மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போனதாகச் சந்தேகம், பேரிடரில் காணாமல் போன பிள்ளைகள், தந்தை யாரெனத் தெரியாத குழந்தை குறித்த தகராறு ஆகியவற்றில் பயன்படுத்தலாம்.

ஆகவே நம் ஜமாஅத்துகள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நிக்காஹ்வுக்கு முந்தைய ஆலோசனைகளில் இதைச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு தாளோடு யாராவது பஞ்சாயத்துக்கு வந்தால், அதைப் பிரித்து எல்லோர் முன்னும் வாசிக்காமல், மாதிரி யாருடையது, யார் சம்மதத்தோடு எடுத்தது என்று முதலில் கேட்க வேண்டும். உண்மையிலேயே ஐயம் உள்ளவர் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் தனியே பேசட்டும். சந்தேகம் கொண்டவருக்கு வழிகள் உண்டு. பெரியவர்களின் தகராறில் பெயர் கெட்டுப்போகும் குழந்தைக்குத்தான் பேச ஆளில்லை. அந்தக் குழந்தைக்காகப் பேசுவது சமுதாயத்தின் பொறுப்பு.