பம்பர் தொங்குகிறதா? குற்றவாளி வேறு

காரின் முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். மட்கார்டுக்கும் பம்பருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மேடுபள்ளத்தில் போனால் கடகடவென்று ஓசை. சிலர் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். சிலர் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். டெல்லியோ கோவையோ, எந்த ஊர் சிக்னலிலும் இப்படி ஒரு காரைப் பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "பம்பர் போச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் தயாராக இருக்கும். பெரும்பாலும் பம்பர் போயிருக்காது. போயிருப்பது அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிராக்கெட். விலை, சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாய்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பம்பர் என்றால் குரோமியம் பூசிய எஃகுப் பட்டை. அதைத் தாங்கியதும் இரும்பு பிராக்கெட்தான். வளைந்தால் டிங்கர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்திவிடுவார். இன்று நாம் பம்பர் என்று அழைப்பது பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு தோல். பலத்த இடியைத் தாங்குவது அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் உலோகக் குறுக்குச் சட்டத்தின் வேலை. தோலின் வேலை காற்றைக் கிழிப்பதும் காரை அழகாகக் காட்டுவதும். நடந்து போகிறவர் குறுக்கே வந்துவிட்டால் அவர் கால் இரும்பில் மோதாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

இந்தத் தோலைப் பானெட்டின் ஓரமாக வரிசையாக இருக்கும் கிளிப்புகளும் அடியில் சில கிளிப்புகளும் பிடித்திருக்கின்றன. இரு பக்கங்களிலும், ஹெட்லைட்டின் கீழிருந்து சக்கர வளைவு வரை, பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்கார்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். பம்பரின் விளிம்பில் உள்ள துளைகள் அந்தப் பற்களில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். இதுதான் நம் பிராக்கெட். இடி வந்தால் முதலில் உடைவது இதன் பல். ஒருவகையில் அதுவும் நல்லதுதான். அது உடையாவிட்டால் மட்கார்டின் தகடு நசுங்கும்.

உடைவதற்கு விபத்தே வேண்டாம். நடைபாதை ஓரக் கல்லின்மேல் மூக்கை ஏற்றி நிறுத்திவிட்டுப் பின்னுக்கு எடுத்தால் போதும், பம்பர் கல்லில் மாட்டி முன்னுக்கு இழுபடும். நம் வேகத்தடைகளும் தங்கள் பங்கைச் செய்கின்றன. இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988இல் வகுத்த விதி, வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும் என்றது. தெருமுனையில் இரவோடிரவாக முளைக்கும் சிமென்ட் மேட்டுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. மூன்றாவது எதிரி மழை. மும்பையிலும் சென்னையிலும் குருகிராமிலும் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகும்போது, தண்ணீரின் அழுத்தம் பம்பரை அப்படியே பிடுங்கிவிடும். மறுநாள் தெருவில் நம்பர் பிளேட்டுகள் கிடப்பது இதனால்தான்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன? நகருக்குள் கொஞ்ச நாள் ஓட்டலாம். நெடுஞ்சாலையில் கூடாது. 80, 90 கி.மீ. வேகத்தில் இடைவெளி வழியே காற்று புகுந்து தோலை வெளியே தள்ளும். ஒரு பக்கம் கழன்றால் அது போய் விழக்கூடிய இடம் உங்கள் முன் சக்கரம், இல்லாவிட்டால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் பாதை. கட்டுக்கம்பி இதற்கெல்லாம் காவல் இல்லை. பெட்டிக்கடையில் வாங்கும் உடனடிப் பசையும் அப்படித்தான். பாலிபுரொப்பிலீன் எண்ணெய்ப் பசை உள்ள பாத்திரம் மாதிரி. சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிப்பதில்லை. ஒட்டியது போலத் தெரியும், முதல் குலுக்கலில் விட்டுவிடும்.

முழு பம்பரையும் மாற்றினால் செலவு விலையோடு முடியாது. புதிய பம்பர் பெரும்பாலும் வண்ணம் பூசாமல்தான் வரும். உங்கள் காரின் வெயில் பட்ட வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு அதைப் பொருத்துவது தனிக் கலை, தனிக் கூலி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கழற்ற முடியாத பூட்டால் பம்பரோடு இறுக்கப்பட்டிருக்கிறது. பம்பரை மாற்றினால் அதற்கும் அலைய வேண்டியிருக்கும்.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2000 ரூபாய் உங்கள் கைக்காசு. இதைவிடப் பெரிய இழப்பு போனஸ். கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பிரிமியம் 8000 ரூபாய் என்றால், 50 சதவீதத்தில் இருப்பவர் அடுத்த ஆண்டே 4000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். தேய்மானத்தையோ போனஸையோ காக்கும் கூடுதல் பாலிசி வாங்கியவர்கள் கதை வேறு. மற்றவர்களுக்கு, பிராக்கெட்டுக்காக கிளெய்ம் போடுவது கொசுவுக்குப் பீரங்கி.

எனவே நீங்களே மாற்றலாம். கடைக்குப் போகும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை எடுத்துப் போங்கள். ஒரே பெயரில் ஓடும் காருக்கு முகம் மாறிய ஆண்டைப் பொறுத்து பிராக்கெட்டும் மாறியிருக்கும். கடைக்காரர் நம்பரைப் பார்த்துத்தான் சரியான பாகத்தை எடுக்க முடியும். இடது, வலது என்பது டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. காருக்கு எதிரே நின்று உடைந்த பக்கத்தைக் குறித்துக்கொண்டு வருபவர்கள் தவறான பாகத்தோடுதான் வீடு திரும்புவார்கள். நிறுவனத்தின் அசல் பாகமே இங்கே விலை குறைவுதான், போலி வாங்குவதில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. பழைய மாடல் என்றால் டெல்லி காஷ்மீரி கேட், சென்னை ஜி.பி. ரோடு, பெங்களூர் ஜே.சி. ரோடு, கல்கத்தா மல்லிக் பஜார் என்று தேடலாம். கையோடு பத்துப் பன்னிரண்டு கிளிப்புகளும் வாங்கிவிடுங்கள். பழைய கிளிப்புகளில் பாதி கழற்றும்போதே உடையும்.

பத்தாம் நம்பர் ஸ்பானர், ஸ்டார் ஸ்குரூடிரைவர், துணி சுற்றிய தட்டை ஸ்குரூடிரைவர், ஒரு பழைய போர்வை, இரண்டாவதாக ஒரு ஆள். இவ்வளவு போதும். வட இந்தியக் குளிரில் விடிகாலையில் இந்த வேலையில் இறங்காதீர்கள். சில்லிட்ட பிளாஸ்டிக் வளையாது, ஒடியும். வெயில் ஏறட்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, உடைந்த பக்கம் கை நுழையும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு சாவியை எடுத்துவிடுங்கள். பாட்டரியின் நெகடிவ் முனையையும் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது. முன்புறத்தில் ஏர்பேக்குக்கான சென்ஸார் இருக்கலாம். மஞ்சள் நிற கனெக்டர் எதைக் கண்டாலும் தொடாதீர்கள்.

பானெட்டைத் திறந்து மேல்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். கிளிப்பில் இரண்டு ஜாதி. ஒன்றில் நடு ஊசியை மேலே நெம்ப வேண்டும், இன்னொன்றில் உள்ளே அழுத்த வேண்டும். முரண்டு பிடித்தால் ஜாதி மாறிவிட்டது என்று அர்த்தம், பலத்தைக் கூட்டாதீர்கள். பிறகு சக்கர வளைவில் உள்ள ஸ்குரூ, அடியில் உள்ள கிளிப்புகள். எது எங்கிருந்து வந்தது என்பதை செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இனி சக்கரத்தின் பக்கம் பம்பர் முனையைப் பிடித்து உங்களை நோக்கி வெளியே இழுங்கள். 'டக், டக்' என்று பற்கள் விடுபடும். ஓசை பயமுறுத்தும், ஆனால் அது சரியான ஓசைதான். இரண்டு பக்கமும் விட்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒரு சாண் மட்டும் முன்னே கொண்டுவாருங்கள். ஃபாக் லேம்ப் வயர் அங்கே காத்திருக்கும். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றிய பிறகுதான் பம்பரைப் போர்வைமீது படுக்க வைக்க வேண்டும்.

உடைந்த பிராக்கெட் ஒன்றிரண்டு ஸ்குரூவிலோ நட்டிலோ நிற்கும். சில கார்களில் ஹெட்லைட்டின் போல்ட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். புதியதைக் கையால் பொருத்திப் பாருங்கள், துளைகள் தாமாக நேருக்கு நேர் வர வேண்டும். வரவில்லை என்றால் துளையைப் பெரிதாக்கி சமாளிக்காதீர்கள். மட்கார்டு உள்ளே நசுங்கியிருக்கிறது என்று கார் சொல்கிறது. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவை முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருகுங்கள். பழைய மரையில் விழும் சின்ன ஓசை கேட்டதும் வலப்பக்கம் திருப்பிக் கைப்பலத்தோடு நிறுத்துங்கள். மரை நாசமாகாமல் இருக்க இதுவே வழி.

திரும்ப மாட்டும்போது ஃபாக் லேம்ப் கனெக்டர் முதலில், நடுவில் இரண்டு கிளிப்புகள் அடுத்து. பிறகு ஹெட்லைட் பக்கமிருந்து சக்கரம் நோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள், ஒவ்வொரு பல்லும் விழும். எல்லா ஸ்குரூவையும் இறுக்குவது கடைசியில்தான். முதல் தடவை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது போய்விடும்.

வீட்டில் தொடக்கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. தோலைக் கழற்றியதும் பின்னாலிருக்கும் உலோகச் சட்டம் வளைந்திருப்பது தெரிந்தால், ரேடியேட்டர் தாங்கி நகர்ந்திருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். அப்போது இன்சூரன்ஸ் கணக்கும் மாறிவிடும். முன்புறம் ரேடார் வைத்த புதிய கார்களும் சர்வீஸ் சென்டர் சமாசாரம்தான். ரேடாரின் பார்வை இம்மி விலகினாலும் தானாகப் பிரேக் போடும் வசதி தடுமாறும். பல் உடைந்திருப்பது பிராக்கெட்டில் இல்லாமல் பம்பரின் விளிம்பிலேயே என்றால் புதிய பிராக்கெட் உதவாது. உட்புறமாகக் கம்பி வலை வைத்து சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங்காரரைத் தேடுங்கள். பம்பரை நீங்களே கழற்றிக்கொண்டு போனால் கூலி குறையும்.

இனி உடையாமல் இருக்க ஒரு இரும்பு கார்டு போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணம் எளிது. இரும்பு கார்டு மோதலின் வேகத்தை நேரே காரின் சட்டத்துக்குக் கடத்தும், ஏர்பேக் விரியும் கணக்கையும் குழப்பும். எதிரே நடந்து வருபவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் இன்னும் ஒரு ஜோடி பிராக்கெட் வாங்கி டிக்கியில் போட்டு வைக்கலாம். மாடல் நின்றுபோன காருக்கு அது பின்னால் கிடைக்காத பொருள்.