எடைத்தட்டில் ஏறாத எடை

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலை முதன்முறையாக அள்ளிப் பார்க்கும் வெளியூரார் சற்றே திகைப்பர். பார்வைக்கு ஏனைய மணலைப் போன்றே கிடக்கும் அது, கையில் எடுத்ததும் ஏறக்குறைய இருமடங்கு கனக்கும். இல்மனைற்றின் செறிவே அதற்குக் காரணம். கண் சொன்ன எடையைக் கை மறுத்துரைக்கும் அந்த அனுபவம், குத்துச்சண்டை பற்றி நான் கூறும் ஆரூடம் பொய்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவதுண்டு.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாறு ஒரு முறை பொய்த்தது. றியாத் நகரில் உக்ரேனியரான உசிக்கும் ஆங்கிலேயரான டைசன் பியூரியும் மோதவிருந்த நாள்கள் அவை. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் மாணவர் சிலர் கரும்பலகையில் இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பட்டியலிட்டனர். பியூரி ஆறடி ஒன்பது அங்குலம். உசிக் ஆறடி மூன்று அங்குலம். பியூரியின் எடை 262 இறாத்தல். உசிக் அவருக்கு ஏறத்தாழ நாற்பது இறாத்தல் குறைந்தவர். கையின் நீளத்திலும் பியூரியே மேம்பட்டவர். இத்தனைக்கும் பின் எதற்கு ஐயம்? பியூரியே வெல்வார் என்று நான் தீர்ப்பளித்தேன். மாணவர் மட்டும் உசிக்கின் பக்கம் நின்றனர். 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தின் டான்சிங் ரோஸ்தான் அவர்களுக்குக் குத்துச்சண்டையின் அரிச்சுவடி. ஆடுகின்ற கால் எங்கே உண்டோ அங்கேதான் வெற்றி என்பது அவர்கள் கட்சி. அப்படத்தில் ரோஸ் தோற்றுப்போவதை அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்!

எனினும் வென்றது அவர்கள் கட்சியே. உசிக் இடக்கை முன்னோடும் வீரரல்லர். வலக்கையை முன்னிறுத்தி இடக்கையால் இடிக்கும் இடக்கையர். எதிரியின் முன்காலுக்கு வெளியே தம் காலை வைத்துக்கொண்டு ஓயாது இடம் மாறுவார். நீண்ட கைக்கு நின்ற இலக்கு வேண்டும். அந்த இலக்கை அவர் கொடுக்கவேயில்லை. ஒன்பதாஞ் சுற்றில் பியூரி கயிற்றிற் சரிந்து தள்ளாட, நடுவர் எண்ணத் தொடங்கினார். இரு தீர்ப்பாளர் உசிக்கின் பக்கமும் ஒருவர் பியூரியின் பக்கமுமாகத் தீர்ப்பு அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் மோதியபோது பியூரி 281 இறாத்தலாக வந்தார். எடை கூடிற்று, பயன் கூடவில்லை. மூவரும் ஒரே மாதிரி 116–112 என உசிக்குக்கே தந்தனர்.

இத்தகைய பிழையை நான் மட்டுமா செய்தேன்? 1974ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் கின்சாசாவில் அலியும் போர்மனும் மோதுமுன் உலகமே இந்தக் கணக்கைத்தான் போட்டது. போர்மன் நாற்பது போட்டிகளில் நாற்பதிலும் வென்றவர். அவற்றுள் முப்பத்தேழில் எதிரி இறுதிச் சுற்றைக் காணவில்லை. அலியைத் தோற்கடித்த பிரேசியரையும் நோட்டனையும் அவர் இரண்டே சுற்றில் வீழ்த்தியிருந்தார். ஆகவே அலி வீழ்வது உறுதி என்று தருக்கம் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே முடிவு கட்டினர். அங்கே விடியுமுன் நான்கு மணி. நமக்குக் காலை எட்டரை. எட்டாஞ் சுற்றில் வீழ்ந்தவர் போர்மன். எதிரிகள் விரைவில் வீழ்ந்ததே அவருக்கு வினையாயிற்று. களைத்த உடலோடு நீண்ட சுற்றுகளில் நின்று பொரும் பழக்கம் அவருக்குக் குறைவு. அலி கயிற்றிற் சாய்ந்து, முழங்கைகளால் விலாவை மறைத்து, அவர் கை ஓயும்வரை அடி வாங்கினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மனக்குறை. ‘தாங்கும் ஆற்றல்’ என்பதை நாம் வரவுப் பக்கத்தில் எழுதுகிறோம். அன்று அலியை வெல்வித்தது அதுவே. ஆனால் அது அன்றோடு நிற்கவில்லை. மறு ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி மணிலாவில் பிரேசியரோடு பதினான்கு சுற்று. 1980இல், வயது முப்பத்தெட்டில், ஹோம்ஸிடம் மீண்டும் அடி. 1984இல் பார்கின்சன் நோய் இருப்பது வெளியாயிற்று. நோய்க்கு அடிகளே முழுக் காரணமென்று மருத்துவர் அனைவரும் ஒருமுகமாய்க் கூறிவிடவில்லை. ஆயினும் தலையில் ஓயாது விழும் அடி மூளையைச் சிதைக்குமென்பதை ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதிவைத்தார்.

மணிலாவில் நிகழ்ந்த ஒன்றை மாணவருக்கு அடிக்கடி கூறுவேன். பதினான்காஞ் சுற்று முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. எஞ்சியது ஒரே சுற்று. தொடரவேண்டுமென்று அவர் மன்றாடினார். பயிற்சியாளர் எடி பட்ச் இணங்கவில்லை, போட்டியை நிறுத்திவிட்டார். அந்த முதியவரின் மறுப்பை எந்தப் பட்டியலில் எழுதுவது?

2025 செப்தெம்பரில் லாஸ் வேகாஸில் அல்வாரெசுக்கு எதிராக இரண்டு எடைப்பிரிவு ஏறிவந்தார் குரோபோர்ட். மாணவர் குரோபோர்ட் என்றனர். நான் சூடு கண்ட பூனையாய் வாய் திறக்கவில்லை. மூன்று தீர்ப்பாளரும் அவர்களையே ஆதரித்தனர்!

அடுத்த பெரும்போட்டிக்கும் பலகையில் கோடு கிழித்தாயிற்று. உயரம், எடை, கைநீளம், வென்றவை, வீழ்த்தியவை என எல்லாம் வழமைபோல் நிரம்பின. கடைசியில் ஒரு கட்டத்தை நான் வரைந்து, “இவர்களுடைய மூலையில் நிற்பவர் யார்?” என்று கேட்டேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும், “சேர், அவரை எப்படி நிறுப்பது?” என்றான்.