காயா, பழமா?

நாவும் விரலும் கருநீலமாக வீடு திரும்பிய நாட்கள் நமக்கும் உண்டு. மலைநாட்டு வேலியோரத்து முசுக்கட்டைப் பழத்தின் சுவை அத்தகையது. ஆயினும் அருகிலேயே உண்ணிச்செடியும் கறுத்த கனி தாங்கி நிற்கும். அதன் பச்சைக்காய் நஞ்சாகும். ஆதலின், பறிக்குமுன் பார்த்தறிதல் வேண்டும்.

உண்ணியின் தண்டில் முள்ளுண்டு. இலைகள் எதிரெதிராக அமையும். கசக்கினால் கடுமணம் வீசும். கனிகள் தனித்தனி மணிகளாகத் திரண்டிருக்கும். பட்டுப்புழுவுக்கு உணவாகும் முசுக்கட்டையிலோ முள்ளில்லை. இலைகள் மாறிமாறி அமையும். பல மணிகள் ஒட்டி ஒரே நீள்பழமாகும்.

முசுக்கட்டையின் காயும் ஆகாது; அதன் பால் வயிற்றைக் குழப்பும். நன்கு கறுத்து, தொட்டதும் கழலும் பழத்தையே கழுவி உண்போம். ஐயமெழுந்தால் அறிந்த பெரியோரிடம் காட்டுவோம். சில நாள் பொறுத்தால் அக்கொம்பிலேயே காய் கனியும். அவசரப்பட்ட வயிறோ பொறுக்காது.